ஆமத்தூர் தண்ணியும் அம்பாசிடர் ரேடியேட்டரும்

ரேடியேட்டர்ங்கிற பேரே ஒரு ஏமாத்து வேலை. பேரைப் பார்த்தா வெப்பத்தைக் கதிர்வீச்சா வீசுற சாமான்னு தோணும். உண்மையில அப்படிப் போறது ரொம்பக் கொஞ்சம். பெரும்பகுதி சூட்டை அதை உரசிக்கிட்டுப் போற காத்துதான் தூக்கிட்டுப் போகுது. பேர் வச்சவங்க வச்சுட்டாங்க, நூறு வருஷத்துக்கு மேலா நாமளும் அப்படியே கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

இந்தப் பதிவு அந்தச் சாமானோட சரித்திரம். ஜெர்மனியில ஆரம்பிச்சு ஆமத்தூர்ல வந்து நிக்கும். நடுவுல எங்க வீட்டுக் காரும் வரும். பொறுமை உள்ளவங்க மட்டும் தொடருங்க :-)

பெட்ரோல் எஞ்சின்ல ஒரு கணக்கு இருக்கு. ஊத்துற பெட்ரோல்ல இருந்து வர்ற சக்தியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுத்தப் போகுது, பழைய எஞ்சின்ல அதுவும் கிடையாது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா வெளிய போகுது. மிச்சம் எஞ்சினோட இரும்புலயே தங்கிடுது. அதை உடனே வெளியேத்தலேன்னா பிஸ்டன் ஜாம் ஆகி நிக்கும். ஆக கார் கண்டுபிடிச்ச அன்னைக்கே இந்தத் தலைவலியும் பொறந்துடுச்சு.

கார்ல் பென்ஸ் 1886-ல காப்புரிமை வாங்கின மூணு சக்கர வண்டியில ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுத்தித் தண்ணி நிக்கும், கொதிக்கும், ஆவியாப் போகும். குறைஞ்சா மறுபடி ஊத்தணும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். 1888-ல அவரோட மனைவி பெர்தா பென்ஸ், புருஷன்கிட்ட சொல்லாமக்கொள்ளாம ரெண்டு பையன்களையும் கூட்டிக்கிட்டு, மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டர் சொச்சம் அந்த வண்டியை ஓட்டிட்டுப் போனார். வீஸ்லோக் ஊர்ல ஒரு மருந்துக்கடையில எரிபொருள் வாங்கினதை எல்லாரும் எழுதுறாங்க. ஆனா வழி நெடுக அவங்க அதிகம் தேடினது தண்ணியை. கொடைக்கானல் மலையில பானெட்டைத் தூக்கி வச்சுட்டு, பிளாஸ்டிக் கேனோட தண்ணி தேடிப் போன நம்ம டிரைவர் அண்ணன்மாருக்கெல்லாம் பெர்தா அம்மாதான் முன்னோடி.

இந்த நிலைமையை மாத்தினவர் வில்ஹெல்ம் மைபாக். சின்ன வயசுலயே அப்பா அம்மாவை இழந்து ராய்ட்லிங்கன்ல ஒரு அனாதை இல்லத்துல வளர்ந்து, அங்கயே வேலை பழகி, டைம்லரோட சேர்ந்தவர். தண்ணியை ஆவியா விட்டுட்டுத் திரும்பத் திரும்ப ஊத்துறதை விட, அதே தண்ணியைக் குளிர வச்சுத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பலாமேன்னு நினைச்சார். 1900 கடைசியில எமில் யெலினெக்குக்காகச் செஞ்சு கொடுத்த 35 குதிரைத்திறன் மெர்சிடஸ் கார்ல (யெலினெக்கோட மகள் பேர்தான் மெர்சிடஸ்) அவர் வச்சது தேன்கூடு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. அத்தனையையும் அடுக்கி ஈயத்தால பத்த வச்சு ஒரே கட்டமா ஆக்கினார். குழாய்க்குள்ள காத்து, குழாய்களுக்கு இடையில இருக்கிற சந்துல தண்ணி. பின்னாடி ஒரு ஃபேன்.

8,070 குழாயோட முனைங்களையும் பத்த வைக்கிறதுன்னா எத்தனை பேர், எத்தனை நாள் குனிஞ்சு உக்காந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பின்னாடி வந்தவங்க இதைத் தலைகீழாக்கினாங்க. தண்ணி தட்டையான குழாய்க்குள்ள ஓடும், காத்து அதுல ஒட்டியிருக்கிற மெல்லிய தகடுகளுக்கு நடுவுல போகும். மேல ஒரு டேங்க், கீழ ஒரு டேங்க், நடுவுல கோர். அம்பாசிடர்ல இருக்கிறது இதுதான்.

ஃபோர்டு மாடல் டி வண்டியில முதல் 2,500 கார் மாதிரி போனதுக்கப்புறம் வாட்டர் பம்பையே தூக்கிட்டாங்கங்கிறது ஒரு சுவாரசியம். சூடான தண்ணி தானா மேல ஏறும், குளிர்ந்தது தானா கீழ இறங்கும். பானையில சோறு கொதிக்கிறப்ப பருக்கை மேலயும் கீழயும் போகுதே, அதே சங்கதி. ஆனா அதுக்குத் தண்ணி மட்டம் குறையவே கூடாது. மேல் ஹோசுக்குக் கீழ இறங்கிட்டா சுழற்சியே நின்னு போகும்.

நம்ம பக்கம் வருவோம். மெட்ராஸ்ல முதல் காரை ஓட்டினவர் பாரி கம்பெனியைச் சேர்ந்த ஏ.ஜே. போக், வருஷம் 1901. மெர்சிடஸ் பொறந்த சூட்டோட நம்ம ஊருக்கும் கார் வந்துடுச்சு. அதுக்கப்புறம் நாப்பது ஐம்பது வருஷம் எல்லாம் வெளிநாட்டுக் கார்தான், இல்லேன்னா இங்க பூட்டினது. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப டி.வி.எஸ். கம்பெனி கரிவாயுக் கலன் செஞ்சு பஸ், லாரி பின்னாடி மாட்டிவிட்டது. கரியை எரிச்சு அந்த வாயுவுல எஞ்சின் ஓட்டுறது. அந்த வாயுவையும் ஆறவச்சுத்தான் எஞ்சினுக்குள்ள விடணும், சூடா இருந்தா விரிஞ்சு கிடக்கும், இழுவை இருக்காது. அதாவது ஒரே வண்டியில ரெண்டு குளிர்விப்பு வேலை.

விடுதலைக்குப் பிறகு அரசாங்கம் ‘இங்கயே தயாரிக்கிறவன் இரு, வெறுமனே பூட்டி விக்கிறவன் கிளம்பு’ன்னு சொன்னதும் 1950-களோட நடுவுல ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டினாங்க. மிஞ்சினது மூணு. பம்பாயில பிரீமியர் (ஃபியட்), மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். 1942-ல குஜராத் ஓக்கா துறைமுகத்துல தொடங்கி, 1948-ல உத்தர்பாராவுக்குப் போன கம்பெனி இது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு ரெண்டாம் சீரிஸ் இங்க வந்து லேண்ட்மாஸ்டர் ஆச்சு. மூணாம் சீரிஸ் 1950-களோட கடைசியில அம்பாசிடர் ஆச்சு. 2014 மே மாசம் உற்பத்தி நிக்கிற வரைக்கும் முகத்தை மட்டும் அப்பப்ப மாத்திக்கிட்டு ஓடுச்சு. 2017-ல அந்தப் பேரை மட்டும் பெஜோ கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்கு வித்தாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. 1956-லயே இந்தியா மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுடுச்சு. மளிகைக்கடையில வீசை, பலம் எல்லாம் ஒழிஞ்சுது. ஆனா எங்க வீட்டு அம்பாசிடர்ல போல்ட் கழட்ட இன்னைக்கும் இஞ்ச் ஸ்பானர்தான் வேணும். மாருதிக்கு வாங்கின ஸ்பானர் செட் ஒண்ணும் உக்காராது.

சரி, இப்ப தண்ணி.

இங்கிலாந்துல வரைஞ்ச வண்டி இது. அங்க இருந்த பயம் தண்ணி உறைஞ்சு பிளாக் வெடிச்சுடக் கூடாதுங்கிறது. இங்க இருக்கிற பயம் வேற. ஆமத்தூர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல இருக்கு. மழை குறைஞ்ச, காஞ்ச பூமி. இந்தக் காய்ச்சல்தான் சிவகாசியை உண்டாக்கினது. 1920-களோட தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து இங்க தொடங்கினது நிலைச்சதுக்கும், பிறகு பட்டாசு வந்ததுக்கும் ஈரமில்லாத காத்து ஒரு முக்கியக் காரணம். குச்சி காயணும், மருந்து காயணும். ஆனா பட்டாசுக்கு எது தோதோ அது ரேடியேட்டருக்கு எமன். காஞ்ச ஊர்ல நிலத்தடித் தண்ணி உப்புத் தண்ணி. எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

கடினத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டா கரைஞ்சு இருக்கு. சூடு பண்ணினா கார்பனேட்டா மாறிச் சுவர்ல ஒட்டிக்கும். வெந்நீர்ப் பானைக்குள்ள வெள்ளையா ஏடு கட்டுமே, அதேதான். ரேடியேட்டர்ல தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. குறைஞ்சதுக்கு மறுபடி ஊத்துறப்ப புதுசா உப்பு சேரும். செம்பு வெப்பத்தைக் கடத்துறதுல நூத்துல ஒரு பங்கு கூட இந்தப் படிவு கடத்தாது. ஆக வண்டி இன்னும் சூடாகும், இன்னும் தண்ணி குடிக்கும், இன்னும் உப்பு சேரும். வட்டிக்கு வட்டி மாதிரி.

எங்க அப்பா இதை வேதியியல் படிக்காமயே தெரிஞ்சு வச்சிருந்தார். அவருக்கு வாடகைக் கார் தொழில். 1984-ல வாங்கின மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. எங்க ஊர் அப்ப ராமநாதபுரம் மாவட்டம். மறு வருஷந்தான் பிரிஞ்சுது. தீபாவளிக்கு முன்னாடி வடநாட்டு வியாபாரிங்க விருதுநகர் ஜங்ஷன்ல ரயிலை விட்டு இறங்குவாங்க, அப்பா ஏத்திக்கிட்டு ஆமத்தூர் வழியா சிவகாசி. நாளைக்கு நாலு நடை. இதுல கொடுமை என்னன்னா, சவாரி அதிகமா இருக்கிற ஆவணி, புரட்டாசியிலதான் கண்மாய் வத்திக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில வந்து சேர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும். அதனால அவர் முந்தின வருஷத்து மழைத்தண்ணியை ஓட்டுத் தாழ்வாரத்துல பிடிச்சு, வேட்டித் துணியில வடிகட்டி, ரெண்டு தகர டின்ல மூடி வச்சிருப்பார். அந்த டின்ல வீட்ல யாரும் கை வைக்கக் கூடாது. அம்மா ஒரு தடவை பருப்பு வேகலேன்னு அதுல ஒரு செம்பு மோந்ததுக்கு அன்னைக்கு வீட்ல நடந்த கச்சேரி இருக்கே...

அப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. பத்து வருஷமா வண்டி சொந்த உபயோகத்துக்குத்தான், அதுவும் எப்பவாவது. மழைத்தண்ணி டின் எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, அவசரத்துக்கு ஓட்டினவங்க எல்லாம் போர் தண்ணியை ஊத்தினாங்க. இந்த வருஷம் விருதுநகர் போய் வர்றதுக்குள்ள முள் சிவப்புக்குப் போயிடுது, கீழ் டேங்க் ஓரத்துல ஒழுகல் வேற. பதிவைப் புதுப்பிக்கிற கெடு வேற நெருங்குது. பதினஞ்சு வருஷம் தாண்டின கார்களுக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. இருபது வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்டுல 10,000. வின்டேஜ்னு சலுகை கேக்க ஐம்பது வருஷம் ஆகியிருக்கணும், எங்க வண்டிக்கு இன்னும் அந்தப் பாக்கியம் வரலை. சென்னையில இருக்கிற தம்பி ஃபோன்ல சொன்னான்: “பேசாம எடைக்குப் போட்ருண்ணே. செம்புக்கே நல்ல காசு வரும்.” அப்பா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லலை. எழுந்திரிச்சுப் போய் வண்டி மேல கிடந்த வேப்பஞ்சருகைக் கூட்ட ஆரம்பிச்சுட்டார்.

அதுக்கப்புறம் நான் தம்பி கூட வாதாடிக்கிட்டு இருக்கலை. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கழட்ட ஆரம்பிச்சேன். விடியக்காலை ஏன்னா எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கணும். பழைய இங்கிலீஷ் வண்டிங்க மூடியில 4 பவுண்டு, 7 பவுண்டு அழுத்தம் நிக்கும். 7 பவுண்டு அழுத்தத்துல தண்ணி நூத்திப் பதினோரு டிகிரி வரைக்கும் கொதிக்காமக் காத்துக்கிட்டு இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே மொத்தமும் கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் பல பேர் முன்கையில இருந்த தழும்புக்கு அர்த்தம் அதுதான்.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, மூடியைத் திறந்துட்டு, கீழ் டேங்க் காக்கைத் திருகினேன். ரெண்டு சொட்டு வந்து நின்னுடுச்சு. உள்ள சகதி. கம்பி விட்டு நோண்டினதும் செம்மண் கரைச்ச மாதிரி வந்துச்சு. எஞ்சின் பிளாக் பக்கவாட்டுல இன்னொரு காக் இருக்கு, அதையும் திறந்தாத்தான் முழுசா வடியும். கூலண்ட் ஊத்தின வண்டியா இருந்தா வடியிறதைத் தரையில விடாதீங்க. கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினா செத்துப் போகும்.

ஹோஸ் ரெண்டும் நாப்பது வருஷக் காதலர்கள் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இழுக்கவே கூடாது. ஹோஸ் மாட்டுற கழுத்து மெல்லிசு பித்தளை, டேங்க்ல ஈயத்தாலதான் நிக்குது, இழுத்தா கழுத்தோட வந்துரும். ஹோஸ் எப்படியும் புதுசு போடப் போறதுதானே, கத்தியால நீளவாக்குல கீறித் தோலை உரிக்கிற மாதிரி உரிச்சு எடுத்துட்டேன். ரெண்டு பக்க போல்ட்டுக்கும் முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு வச்சிருந்ததால முனகிக்கிட்டே வந்துச்சு. ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல ஒரு அட்டையைச் செருகிட்டு நேரா மேல தூக்கணும். சாய்ச்சா ஃபேன் இறக்கை தகடுகளைக் கிழிச்சுடும். அப்பா நாற்காலி போட்டு உக்காந்து, “இடது பக்கம் தூக்குடா, இன்னும், இன்னும்”னு சொல்லிக்கிட்டே இருந்தார். நிறுத்துப் பார்த்தேன். ஒன்பதே கால் கிலோ.

தெர்மோஸ்டாட் வால்வு இருந்த இடத்தைப் பார்த்தா காலி. எந்தக் காலத்திலயோ எந்த மெக்கானிக்கோ எடுத்துட்டார். தென் தமிழ்நாட்டுல இது ஒரு சம்பிரதாயம். சூடாகிற வண்டியா, வால்வைக் கழட்டித் தூரப் போடு. அதனால எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். அடைச்ச குழாய்க்கு அது மருந்தே இல்லை.

ஒழுகலைப் பத்த வைக்கிற வேலையை வாசல்ல வச்சுக்க முடியாது. எங்க தெருவுல பாதிப்பேர் பட்டாசு ஆலைக்குப் போறவங்க. பொறி பறக்கக் கூடாதுன்னு பித்தளையும் மரமுமா இருக்கிற கருவியோட பொழுதெல்லாம் வேலை பார்த்துட்டு வர்ற ஜனம். வீட்டு வாசல்ல கேஸ் டார்ச் சீறுற சத்தம் கேட்டா யாருக்கும் நெஞ்சு படபடங்கும். அதனால விருதுநகருக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். ரேடியேட்டர் வேலை பார்க்கிற அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிடுச்சு. மேல் டேங்கைச் சூடு காட்டிப் பிரிச்சு உள்ள காட்டினார். குழாய் வாய் எல்லாம் சுண்ணாம்பு அடைச்சு, பல்லி முட்டை மாதிரி வெள்ளை வெள்ளையா.

“தம்பி, இது பாதிக் குழாய்லதான் இத்தனை நாளா ஓடியிருக்கு. வண்டியைக் குத்தம் சொல்லாதீக. தண்ணியைச் சொல்லுங்க” என்றார்.

அவர் பண்றது மைபாக் காலத்து வேலையேதான். தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலயும் விட்டு எடுக்கணும். ராடு போடுறதுன்னு சொல்வாங்க. அப்புறம் காஸ்டிக் தொட்டியில வேக வைக்கணும், தண்ணியில அமுக்கிக் காத்தடிச்சு முட்டை வருதான்னு பார்க்கணும், ஈயம் பத்த வச்சு டேங்கை மூடணும். இப்ப வர்ற கார்கள்ல அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். லேசு, விலையும் குறைவு, ஆனா போனா போனதுதான், தெருக்கடையில பத்த வைக்க முடியாது. அண்ணாச்சியோட ரெண்டு பையன்களும் இந்தத் தொழிலுக்கு வரலை. ஒருத்தர் திருப்பூர், ஒருத்தர் துபாய். மாசத்துக்கு ரெண்டு மூணு செம்பு ரேடியேட்டர் வருதாம், அதுலயும் பாதி டிராக்டர்.

மூணு நாள் கழிச்சு வாங்கிட்டு வந்தேன். அதே தராசுல வச்சா எட்டு கிலோ அறுநூத்தி அம்பது கிராம். புதுசாப் பத்த வச்ச ஈயம் சேர்ந்தும் அறுநூறு கிராம் இறங்கியிருக்கு. அத்தனையும் எங்க ஊர்த் தண்ணி விட்டுட்டுப் போனது.

தெர்மோஸ்டாட் புதுசு, ஹோஸ் புதுசு, உப்பு நீக்கின தண்ணியில கூலண்ட் கலந்து ஊத்தியாச்சு. கூலண்ட்ல துருவைத் தடுக்கிற மருந்து இருக்குன்னு சொன்னதை அப்பா நம்பலை. விருதுநகர் போய்த் திரும்பி வந்தப்ப முள் நடுவுல நின்னுச்சு. அதைப் பார்த்த பிறகும், “எதுக்கும் மழை பெய்யட்டும், ஒரு டின் பிடிச்சு வைப்போம்”னார். தம்பிகிட்ட ஃபோன்ல அவரே சொல்லிட்டார், கட்டணத்தை அவரோட பென்ஷன் பணத்துல கட்டிக்கிறாராம். எஃப்.சி. வர்ற மாசம்.

உங்க ஊர்ல ராடு போட்டுப் பத்த வைக்கிற கடை இன்னும் இருந்தா எழுதுங்க. அண்ணாச்சி கடை இந்தத் தை வரைக்கும்தான்னு சொல்றார்.